மரியதாஸுக்கு எங்கே தூண் நடுவது?

எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ‘மரியதாஸ் உலக ரசிகர் மன்றம்’ என்று பெயர். அதில் வரும் ‘உலகம்’ நான் ஒருவன்தான். மற்ற நாற்பது பேரும் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இருப்பவர்கள். நான் மலேசியாவில், ஈப்போவில் லாரி டயர் கடை வைத்திருக்கிறேன்.

மரியதாஸ் நடிகனும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் கல்லூரி அணியில் ஏழாம் நம்பர் பனியன் போட்டுக் கூடைப்பந்து ஆடியவன். தமிழ்நாட்டில் படித்தால் ஒழுங்காக வருவேன் என்று நம்பி என் அப்பா என்னை விழுப்புரம் பக்கத்தில் ஒரு கல்லூரிக்கு அனுப்பினார். உயரத்தைப் பார்த்து என்னையும் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். பெஞ்சில் உட்காருவதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்றார் பயிற்சியாளர். மூன்று வருடம் அந்தப் பகுதியை நான் ஒருவனே கவனித்துக்கொண்டேன்.

மன்றத்துக்கு ஒரு வேதம் உண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி, கடைசி விநாடி, நாம் ஒரு புள்ளி பின்னால். மரியதாஸ் எம்பிப் பந்தை விடுகிறான். பந்து உள்ளே, கோப்பை நம் கையில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்து வளையத்தில் இடித்து வெளியே விழுந்தது, நாங்கள் தோற்றோம். நான் அப்போது மைதானத்துக்குள் நின்றிருந்தேன். ஒருமுறை இதைக் குழுவில் எழுதினேன். அரை மணி நேரத்தில் என்னைக் குழுவை விட்டுத் தூக்கிவிட்டார்கள். மன்றத் தலைவர் ஏழுமலை மறுநாள், “அண்ணன் ஏதோ மனசு சரியில்லாம எழுதிட்டாரு” என்று விளக்கம் கொடுத்து மறுபடி சேர்த்தார்.

அந்த மரியதாஸ் போன மாதம் செத்துப்போனான். காலையில் டீக்கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தவன், டீ வருவதற்குள் போய்விட்டான். குழுவில் அன்றைக்கு முழுக்க அழுகிற மஞ்சள் மூஞ்சிகள்தான். ஏழுமலை எனக்குப் போன் போட்டு, முப்பதாம் நாள் பூசைக்கு நான் வந்தே தீரவேண்டும் என்றார். நினைவுத் தூண் ஒன்று எழுப்பப்போகிறார்களாம், அதற்கு அடிக்கல் நாட்ட வெளிநாட்டு விருந்தினர் தேவையாம்.

“அவரு உங்களுக்கு எப்பவாச்சும் போன் பண்ணிருக்காரா?” என்றாள் என் மனைவி கமலா.

“இல்ல.”

“நீங்க?”

“இல்ல.”

“நல்ல கூட்டாளி லா நீங்க” என்று சொல்லிவிட்டு, மருந்து டப்பாவை என் பெட்டியில் வைத்தாள்.

முதல் நாள் பஸ்ஸில் கழிந்தது. திண்டிவனத்தில் ஏறிய தனியார் பஸ், செஞ்சிக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின் டயர். இறங்கிப் போய்ப் பார்த்தேன். தொழில் புத்தி சும்மா இருக்குமா? அந்த டயரில் தரையைப் பிடிக்கும் பட்டன் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, வழுக்கைத் தலையாட்டம் பளபளத்தது. எங்கள் ஊரில் இந்த நிலைமைக்கு வந்த டயரைத் தகரக் கூரை பறக்காமல் இருக்க மேலே தூக்கிப் போடுவோம்.

“இன்னும் ஒரு வருசம் ஓடும் சார்” என்றார் டிரைவர். அவர் நம்பிக்கையைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

பக்கத்தில், இந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, என் பேச்சைக் கேட்டுவிட்டு விசாரித்தார். “நீ எந்தூருப்பா? பேச்சு ஒரு மாதிரி இருக்குது.”

“மலேசியாம்மா.”

“அங்க பஸ்ஸு இந்த மாதிரி நிக்குமா?”

“நிக்கும். ஸ்டாப்புல.”

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி மல்லாட்டை எடுத்துக் கொடுத்தார். வெயிலில் நின்று உரித்துத் தின்றோம். ஈப்போவில் பஸ் நின்றால் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இங்கே முக்கால் மணி நேரத்தில் என் வருமானம், என் பிள்ளைகள், என் சர்க்கரை அளவு எல்லாம் அந்தப் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது.

செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கியதும் என்னை வரவேற்றது நானேதான். இருபதடி பேனர். நடுவில் மரியதாஸ், தலையில் கிரீடம், பின்னால் ஊர் மலைமேல் இருக்கும் ராஜகிரிக் கோட்டை, பக்கத்தில் ஒரு சிங்கம். கையில் பந்து இருந்ததால் ஆள் யாரென்று கண்டுபிடித்தேன். ‘கோட்டை ஆண்ட கோமகனே, கண்ணீரில் தவிக்கவிட்டுச் சென்றாயே’ என்று எழுதியிருந்தது. அவனைச் சுற்றி மன்றத்தார் நாற்பத்தொரு பேரின் முகங்கள். தலைவர் ஏழுமலையின் முகம் மட்டும் செத்தவன் முகத்தை விடக் கொஞ்சம் பெரிது. என் பாஸ்போர்ட் படத்தின் கீழே ‘மலேசியத் தொழிலதிபர்’ என்று போட்டிருந்தார்கள். இதைக் கமலா பார்த்தால் பிழைப்பு நாறிவிடும்.

“எப்டிணா இருக்குது?” என்றார் ஏழுமலை. செல்போன் கடை வைத்திருக்கிறார், கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவர். கண்கள் உண்மையிலேயே சிவந்திருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“மரியதாஸ் படத்தை இன்னும் கொஞ்சம் பெருசா போட்ருக்கலாமே.”

“போட்டாக்கா நம்ம பசங்க படம் வெட்டுப்படும்ணா. அப்பால அவனுங்க மனசு கஷ்டப்படும் இல்ல?”

அன்றைக்குச் சாயங்காலம் பரோட்டா வாங்கிக்கொடுத்தார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய் தட்டில் உட்கார்ந்து நாம் பிய்ப்பதற்காகக் காத்திருக்கும். இவர்கள் பரோட்டாவைத் தட்டில் வைத்து அவர்களே நாலு அடி அடித்துக் கிழித்துப்போட்டு, மேலே சால்னாவையும் ஊற்றிவிடுகிறார்கள். மூன்று தின்றேன். துக்கத்துக்கு வந்த இடத்தில் மூன்றுக்கு மேல் தின்றால் நன்றாக இருக்காது.

இரண்டாம் நாள் நினைவு ஓட்டம். மரியதாஸ் கல்லூரி நாட்களில் விடுமுறைக்கு வந்தால் ராஜகிரிப் படிகளை உச்சி வரைக்கும் ஓடியே ஏறுவானாம். அதே வழியில் மன்றத்தார் ஓடி அஞ்சலி செலுத்துவதாகத் திட்டம். காலை ஏழு மணிக்கு ஏழாம் நம்பர் பனியன் போட்டுக்கொண்டு முப்பது பேர் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு பனியன், வயிறுகள்தான் வேறு வேறு அளவு.

விசில் ஊதினார் ஏழுமலை. ஓடினோம். முதல் வாசல் வந்தது, நின்றோம், குழுப் படம் எடுத்தோம். “மேல கொரங்கு தொல்லைணா” என்றார் ஒருவர். “வெயில் ஏறிடுச்சு” என்றார் இன்னொருவர். வெயில் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருந்தது. அத்தோடு நினைவு ஓட்டம் இனிதே நிறைவடைந்தது, பிரியாணிக் கடைக்கு மட்டும் நிஜமாகவே ஓடினார்கள்.

எனக்கு ஏதோ வீம்பு, நான் மட்டும் ஏறினேன். பாதியிலேயே முழங்கால் பேச ஆரம்பித்தது. ஒரு குரங்கு என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகித் திறந்து, என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது கைகால் வெலவெலத்துவிட்டது. இந்தப் படிகளை ஒருத்தன் ஓடி ஏறினான் என்றால் அவன் நிஜமாகவே ஆட்டக்காரன்தான். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவனை வாயாரப் பாராட்டினேன், மூச்சு வாங்கியதால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை.

இறங்கி வரும்போது கோட்டை வாசலில் ஒரு பிரெஞ்சு ஜோடி, புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள், அங்கே கட்டியிருந்த இன்னொரு பேனரின் முன் நின்றிருந்தார்கள். “இந்தக் கோட்டையைக் கட்டிய அரசர் இவர்தானா?” என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை, பந்து விளையாடியவர்.”

அவர் பேனரைத் திரும்பப் பார்த்தார். கணவரிடம், “இந்த நாட்டில் விளையாட்டு வீரர்களை எவ்வளவு மதிக்கிறார்கள் பார்” என்றார். மரியதாஸ் கடைசிப் பத்து வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினான் என்பதை நான் ஏன் சொல்லப்போகிறேன்? போவது என் ஊர் மானமாக இல்லாவிட்டாலும் என் மொழிக்காரர்களுடையது அல்லவா.

மூன்றாம் நாள் மரியதாஸின் ஊருக்குப் போனோம். வல்லம் தாண்டி உள்ளே போகவேண்டும். மல்லாட்டைக் கொல்லைகளும் நெல் வயலுமாக வழி நெடுகப் பச்சை. மாதா கோயிலைச் சுற்றி ஐம்பது அறுபது கிறிஸ்தவ வீடுகள். முப்பதாம் நாள் பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார். கல்லறைத் தோட்டத்தில் மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். மன்றத்தார் விம்மி விம்மி அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. எவ்வளவோ முயன்றேன், என் கவனம் முழுக்க முழங்கால் வலியில் இருந்தது.

பிறகு வீட்டில் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு, வடை. மரியதாஸின் மனைவி ஸ்டெல்லா அங்கன்வாடி டீச்சர். எனக்குப் பரிமாறும்போதே மெதுவாகச் சொன்னார்.

“அண்ணா, சாப்ட்டு கோயில் கிரவுண்டு பக்கம் வாங்க. ஒண்ணு காட்டணும்.”

போனேன். கோயிலுக்குப் பின்னால் மண் தரையில் கூடைப்பந்து மைதானம். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம், பலகை, வளையம். எல்லாம் மரியதாஸே வெல்டிங் வைத்துச் செய்ததாம். சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தது. ஒரு பக்கத்து வளையத்துக்கு நேர் எதிரே, ஃப்ரீ த்ரோ போட நிற்கும் இடத்தில், ஓர் ஆள் இறங்கி நிற்கலாம் போல ஒரு குழி.

“இன்னாணா இது அக்கிரமம்?” என்றார் ஸ்டெல்லா. “தூணு இங்கதான் வரப்போவுதாம். முந்தாநாள் பொக்லைன வெச்சு நோண்டிட்டாங்க. நான் அங்கன்வாடியில இருந்து வரதுக்குள்ள முடிச்சிட்டாங்க.”

சுற்றுச்சுவரின் மேல் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவர்மெண்ட் பள்ளிக்கூட அணி. மரியதாஸ் தினமும் காலையில் வேன் எடுப்பதற்கு முன் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். கடைசி நாள் காலையிலும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் டீக்கடைக்குப் போயிருக்கிறான்.

“சனிக்கெழம மண்டல மேட்ச்சு. அதுல ஜெயிச்சாதான் மேல போவ முடியும், காலேஜில ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு கேக்க முடியும். அதோ பந்து வெச்சினு இருக்குதே, கௌசல்யா, அது பன்னண்டாவது. அதுக்கு இதான் கடைசி வருசம். சுத்துப்பட்டுல வேற கிரவுண்டும் கெடையாது.” ஸ்டெல்லா ஒரு மண்கட்டியைக் குழிக்குள் எட்டி உதைத்தார். “உயிரோட இருக்கச்ச, வளையத்துக்கு நெட்டு இல்ல, ரெண்டு நெட்டு வாங்கித் தாங்கடான்னு இவங்ககிட்ட எத்தினி தபா கேட்டாரு தெரியுமா? ஒருத்தன் எட்டிப் பாக்கல. இப்ப எட்டடித் தூணு. மேல சிமெண்ட்டு பந்தாம்.”

சாமியாரிடம் கேட்டேன். சின்னதாக ஒரு நினைவுச் சின்னம் என்றார்கள், சரி என்று சொல்லிவிட்டேன், எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை என்றார். “நீங்களே பேசி முடிச்சுக்குங்க” என்று ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டார்.

நாலு மணிக்கு மன்றத்தார் வந்தார்கள், கற்பலகையும் மாலையுமாக. நான் ஏழுமலையைத் தனியே அழைத்து எடுத்துச் சொன்னேன்.

“மைதானத்துக்கு நடுவுல தூணை வெச்சா பிள்ளைங்க எப்படி ஆடுவாங்க?”

“தூண சுத்தி வெளாடட்டும்ணா. அதையே ஒரு டிஃபென்ஸ் மாதிரி நெனச்சிக்கினா நல்லா பழக்கம் ஆவும்.”

உலகத்தில் எந்தப் பயிற்சியாளருக்கும் தோன்றாத யோசனை.

“சரி, ஏன் இந்த இடம்?”

“அண்ணன் அந்த ஷாட்டு போட்ட எடம்ணா இது.”

“அது காலேஜ் கிரவுண்டு, ஏழுமலை. இங்கேருந்து அம்பது கிலோமீட்டர்.”

“தெரியும்ணா. ஆனாக்கா இங்கியும் போட்ருப்பாரு இல்ல?”

கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் இடத்தில் சந்தேகம். நடுக்கோட்டிலிருந்து போட்டதாகத்தான் தான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். உடனே சண்டை. நடுக்கோடு என்று ஒரு கட்சி, குழி என்று ஒரு கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் தூண் மைதானத்துக்குள்தான். கடைசியில் ஏழுமலை கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார்.

“நமக்குள்ள ஏன் டென்ஷனு? மலேசியா அண்ணன் நேர்ல இருந்தவரு. அவரு காட்டட்டும். அண்ணன் கை காட்ற எடத்துல தூணு.”

முப்பது போன்கள் என் முகத்தைப் படம்பிடிக்கத் தூக்கப்பட்டன. ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். சுவரின் மேலிருந்து பிள்ளைகள் இறங்கி நின்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உண்மை எனக்கு அத்துப்படி. அன்றைக்கு எங்கள் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் ஃபவுலாகி வெளியேறியதால், வேறு வழியில்லாமல் என்னை உள்ளே அனுப்பினார்கள். மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு நிமிடம். மரியதாஸ் பந்தோடு ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்றான், மூன்று பேர் அவனை மறித்தார்கள். நான் வளையத்துக்கு அடியில் தன்னந்தனியாக, கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தான், கண்ணுக்குக் கண் பார்த்தான். பந்தைக் கொடுக்கவில்லை. தானே போட்டான், போகவில்லை. நான் ஒரு ஆளாகவே அவனுக்குத் தெரியவில்லை என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அதற்குப் பிறகு அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஊருக்குப் போன பின் ஒரு கடிதம், ஒரு போன் கிடையாது. ஒரு பந்துக்காக முப்பது வருடம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று கமலாவிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது அதைச் சொன்னால் என்ன ஆகும்? என்னை மறுபடி குழுவை விட்டுத் தூக்குவார்கள், தூணைக் குழியிலேயே நடுவார்கள். இவர்களிடம் உண்மை செல்லாது. வேறொன்று செல்லும்.

“நீங்க எல்லாரும் தப்பா சொல்றீங்க” என்றேன். “நடுக்கோடும் இல்ல, இந்தக் குழியும் இல்ல.”

போன்கள் இன்னும் பக்கத்தில் வந்தன.

“பந்து மைதானத்தை விட்டு வெளியே போவுது. எல்லாரும் விட்டுட்டாங்க, ஆட்டம் முடிஞ்சதுன்னு. மரியதாஸ் விடலை. ஓடினான். கோட்டு ஓரத்துல கால ஊனி எம்பினான். காத்துலயே பந்தைப் புடிச்சான். காத்துலயே திரும்பினான். தரையில கால் படறதுக்கு முன்னாடி பந்தை விட்டான். பந்து அங்க உள்ள போவுது, இவன் எங்கே வந்து விழுந்தான் தெரியுமா?”

நடந்தேன். மைதானத்தைத் தாண்டி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, சுற்றுச்சுவர் ஓரம், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் போய் நின்றேன். வாழ்க்கையில் மைதானத்துக்கு வெளியே நிற்பதில் எனக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கும் இல்லை.

“இங்கே” என்றேன்.

ஒருவர் கண்ணாலேயே தூரத்தை அளந்தார். “அவ்ளோ தூரமாணா?”

“அவன் யாரு?”

“மரியதாஸ்ணா.”

“அப்புறம் என்ன கேள்வி?”

விசில் பறந்தது. கைதட்டல் பறந்தது. ஏழுமலை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார், கண்ணில் தண்ணீர். “கரெக்டுணா. நான் மாடியில இருந்து பாத்தேன். தொட்டியாண்டதான் வந்து வுழுந்தாரு. எனக்கு இப்ப ஞாபகம் வந்துட்ச்சு.” எங்கள் கல்லூரி மைதானத்தில் தொட்டியே கிடையாது. ஆனாலும் கண்ணால் பார்த்த சாட்சியை மறுக்க நான் யார்?

தொட்டி பக்கத்தில் அடிக்கல் நாட்டினேன். பேச்சு, பொன்னாடை, படம் எல்லாம் நடந்தது. ஸ்டெல்லா என் கையில் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்துவிட்டுப் போனார். கௌசல்யா மட்டும் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொன்னவனை அப்படித்தான் பார்ப்பார்கள்.

நாலாம் நாள் காலையில் நான் சென்னைக்குப் போகவேண்டும். போகிற வழியில் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று மைதானத்துக்குப் போனேன். பொக்லைன் வந்து தொட்டி பக்கத்தில் புதுக்குழி தோண்டி, பழைய குழியை மூடிவிட்டுப் போயிருந்தது. மூடிய மண் பொதபொதவென்று கிடந்தது. பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, வெறுங்காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் சேர்ந்து மிதித்தேன். முழங்கால் கத்தியது, கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மற்ற பிள்ளைகள் தண்ணீருக்குப் போனபோது கௌசல்யா பக்கத்தில் வந்தாள்.

“சார், ஒண்ணு கேக்கவா? நேத்து சொன்னீங்களே, அது பொய்யிதான?”

“ஏம்மா அப்படிக் கேக்கறே?”

“தாஸ் சார் எங்ககிட்ட வேற மாதிரி சொன்னாரு. பந்து உள்ள போவவே இல்ல, தோத்துட்டோம்னு.”

மன்றத்து வேதத்தை மறுத்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இந்த எடத்துலதான் சார், நாம மிதிக்கறமே, இங்க நின்னுதான் தெனம் ப்ராக்டிஸ் ஆரம்பிப்பாரு. இந்த மாதிரி எடத்துல நின்னுதான் நான் தப்பு பண்ணேன்னு சொல்வாரு. வளையத்துக்குக் கீழ ஒருத்தன் காலியா நின்னுனு இருந்தானாம், கையத் தூக்கினு. இவரு பாத்துட்டும் அவனுக்குக் குடுக்கலயாம். நான் பெரிய ஆளுன்னு நெனப்பு, அதான் நானே போட்டேன்னு சொல்வாரு. அதனால எங்கள மொதல்ல அம்பது பாஸ் குடுக்க வெச்சிட்டுதான் பந்த போடவே வுடுவாரு.”

நான் மிதிப்பதை நிறுத்தியிருந்தேன்.

“அவன் யாருன்னு தாஸ் சொன்னானா?” என்றேன்.

“மலேசியாக்காரன்னு சொல்வாரு. மூணு வருசம் பெஞ்சிலயே குந்தினு இருந்தானாம், அன்னிக்கிதான் உள்ள வந்தானாம். ஒரு நாளு அவனுக்குப் போன் பண்ணணும், இன்னான்னு ஆரம்பிச்சுப் பேசறதுன்னுதான் தெரியலன்னு சொல்வாரு.” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். “நீங்களா சார்?”

“ஆமாம்மா.”

“குடுத்திருந்தா போட்ருப்பீங்களா?”

“தெரியலைம்மா. மூணு வருசத்துல நான் ஒரு பந்துகூடப் போட்டதில்லே.”

“போடலன்னா இன்னா சார்?” என்றாள் கௌசல்யா. “குடுத்திருக்கணும்.”

அவ்வளவுதான். பூசையில் வராதது, கல்லறையில் வராதது, அந்த ஈர மண்ணில் நின்றபோது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன், முடியவில்லை. டேய் தாஸு, டேய் தாஸு என்று வாய்விட்டே அழுதேன். ஐம்பத்திரண்டு வயதுத் தொழிலதிபர், வெறுங்காலோடு, மூக்கு ஒழுக. குடத்தோடு திரும்பிய பிள்ளைகள் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

கௌசல்யா என் தோளைத் தட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்தது போலக் கையைத் தூக்கி, பிறகு இறக்கிக்கொண்டாள். பந்தை இரண்டு தரம் தரையில் தட்டிப் பார்த்தாள். எழும்பியது.

“சார்” என்றாள், “கொஞ்சம் கோட்டுக்கு வெளிய நின்னு அழுவுறீங்களா? நாங்க ப்ராக்டிஸ் பண்ணணும்.”

நகர்ந்துகொண்டேன்.